முன் டிபரன்ஷலில் எல்.எஸ்.டி போட்ட பிறகு ஸ்டியரிங்கில் வரும் குறைகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

முன் டிபரன்ஷலில் எல்.எஸ்.டி (லிமிட்டட் ஸ்லிப் டிபரன்ஷல்: ஒரு சில்லு வழுக்கினாலும் மறு சில்லுக்கு விசை கொடுக்கும் வகை) போட்ட ஜீப் ஏற்றத்தில் நன்றாகத்தான் ஏறும். முறைப்பாடுகள் தொடங்குவது தார் ரோட்டுக்கு வந்த பிறகு. ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, வளைவில் நேரே போகப் பார்க்கிறது, திருப்பினால் டக் டக் என்கிறது. உடனே "பழைய டிப்பையே போடுவோம்" என்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். தேய்ந்த டயர், ஆட்டம் கண்ட புஷ், பொருந்தாத ஒயில், தார் ரோட்டிலும் கழற்றாமல் விட்ட ஃபோர் வீல் ஆகியவற்றை சாதாரண டிபரன்ஷல் இத்தனை நாளும் பொறுத்துக்கொண்டிருந்தது. எல்.எஸ்.டி பொறுக்காது.

எந்த ஸ்பானரையும் எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். குறை எக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது மட்டும் வருகிறதா, இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? மிதிக்கும்போது மட்டும் என்றால் எல்.எஸ்.டி தன் வேலையைச் செய்கிறது. அந்த வேலையைத் தாங்க முடியாத ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது. இறக்கத்தில் மட்டும் என்றால் எல்.எஸ்.டியின் வகையையும் அது பொருத்தப்பட்ட திசையையும் பாருங்கள். எப்போதும் ஒரே மாதிரி என்றால் டயர், பிரேக், அலைன்மென்ட், அல்லது அளவுக்கு மீறிய பிரிலோட் (அடுத்த பத்தியில் விளக்கம்).

உள்ளே இருப்பது எந்த வகை என்றும் தெரிந்திருக்க வேண்டும். கிளச் தட்டு வகையில் ஸ்பிரிங் அழுத்தத்தால் இரண்டு பக்கமும் எப்போதும் ஓரளவு பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்புத்தான் பிரிலோட். ஹெலிகல் கியர் வகையில் (டொர்சன், ட்ரூட்ராக் போன்றவை) பிரிலோட் மிகக் குறைவு அல்லது இல்லை. பிடி குறைந்த சில்லு தாங்கும் விசையைப் பெருக்கி மறு சில்லுக்குக் கொடுக்கும். உதாரணமாக, பாசி படிந்த கல்லில் நிற்கும் இடது சில்லு 200 நியூட்டன் மீற்றர்தான் தாங்கும் என்று வையுங்கள். சாதாரண டிபரன்ஷலில் வலது பக்கத்துக்கும் அதே 200தான், மொத்தம் 400. பெருக்கம் மூன்று மடங்கான ஹெலிகலில் வலது பக்கம் 600, மொத்தம் 800. ஏறும் வலு இரட்டிப்பாகிறது. கூடவே இடதுக்கும் வலதுக்கும் 400 வித்தியாசமும் வந்துவிடுகிறது. ஸ்டியரிங்கில் கையில் படுவது இந்த வித்தியாசம்தான். பின் அக்ஸிலில் இது சாரதிக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் பின் சில்லு திரும்புவதில்லை.

ஸ்டியரிங் பாரம், திருப்பினால் தானாக நேராக வரப் பார்க்கிறது

றம்பொடை ஏற்றத்தில் உள்ளதைப் போன்ற ஒரு கொண்டை ஊசி வளைவை முழுதாகத் திரும்பி முடிக்கும்போது, வெளிப்பக்க முன் சில்லு உள்பக்கத்தை விடக் கிட்டத்தட்ட 4 மீற்றர் கூடுதலாக ஓடுகிறது. 235/75 ஆர் 15 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீற்றர். அதாவது ஒரே வளைவில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வித்தியாசம். கிளச் தட்டு எல்.எஸ்.டி அந்த வித்தியாசத்தை எதிர்த்துக்கொண்டே விட்டுக்கொடுக்கும். அந்த எதிர்ப்பு சில்லுகளை நேராக்கப் பார்க்கிறது. ஓரளவு பாரம் இயல்பு. எவ்வளவு இயல்பு என்று தெரிய இப்படிப் பாருங்கள்.

ஹைலக்ஸ், எல்200, ஜிம்னி, பழைய சிரீஸ் லேண்ட் ரோவர் போல ஃபோர் வீலைப் போட்டு எடுக்கும் வண்டி, கையால் பூட்டும் ஹப் (முன் சில்லை ஷாஃப்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் முடிவது) உள்ளது என்றால் வேலை சுலபம். தொழிற்சாலை முற்றம் போல சமதரையான இடம் போதும். ஹப் இரண்டையும் திறந்து, டூ வீலில், முதல் கியரில், ஐட்லிங்கில் முழு லொக் போட்டு (ஸ்டியரிங்கைத் திரும்பும் எல்லைவரை திருப்பி) ஒரு வட்டம் ஓட்டுங்கள். பிறகு ஹப்பைப் பூட்டி, டூ வீலிலேயே அதே வட்டம். இப்போது முன் டிபரன்ஷல் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் விசை அதற்குப் போகவில்லை. இரண்டாவது வட்டத்தில் கூடிய பாரம் முழுவதும் பிரிலோட். மூன்றாவது வட்டம் ஃபோர் ஹையில் (ஃபோர் வீலின் சாதாரண வேக நிலை), புல்லிலோ சரளையிலோ மட்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் எல்.எஸ்.டியின் உண்மையான வேலை. இதையே தாரில் செய்து பார்த்துவிட்டு எல்.எஸ்.டியைக் குறை சொல்லக்கூடாது. தாரில் ஃபோர் ஹை போட்டால் முன் அக்ஸிலும் பின் அக்ஸிலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அது எல்.எஸ்.டி இல்லாத வண்டியிலும் நடக்கும்.

பழைய வகை லேண்ட் ரோவர் டிபெண்டரில் ஃபோர் வீல் நிரந்தரம், ஹப் பூட்டும் இல்லை. அங்கே முதலில் நடு டிப் லொக் (முன், பின் அக்ஸில்களைப் பிணைக்கும் பூட்டு) உண்மையில் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். லீவரைத் தள்ளினாலும் முறுக்கு இருக்கும்வரை லொக் கழலாது. கொஞ்சம் பின்னால் எடுத்தால் கழன்று விளக்கு அணையும். அணையாத விளக்கோடு ஹட்டன் வரை இறங்கிவிட்டு ஸ்டியரிங் பாரம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது வட்டத்திலேயே பாரம் தாங்கவில்லை என்றால் பிரிலோட்டை அளந்துவிடுங்கள்.

1. வண்டியைச் சற்று ஓட்டி ஒயில் சூடானபின் சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
2. ஒரு முன் சில்லை மட்டும் ஜக் போட்டுத் தூக்கி, அக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். மறு சில்லு தரையில் நிற்க வேண்டும்.
3. டூ வீலில் வைத்து ஹப்பைப் பூட்டுங்கள். டிபெண்டர் என்றால் டிப் லொக்கைக் கழற்றி, கியரையும் ட்ரான்ஸ்பர் லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். முன் ப்ரொப் ஷாஃப்ட் (ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து முன் டிப்புக்கு விசை கொண்டுவரும் தண்டு) சுழல முடியாவிட்டால் தூக்கிய சில்லு அசையவே அசையாது; அதைப் பிரிலோட் என்று எண்ணிவிடுவார்கள்.
4. ஹப்பின் நடுவில் டொர்க் ரென்ச் பொருத்தி, சில்லு மெதுவாகச் சுழலத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு திசையிலும் பாருங்கள்.

வந்த அளவை எல்.எஸ்.டி செய்தவர் தந்த தாளோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் கூடுதல் என்றால் தட்டுகளின் சிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) தடிப்பு கூடிவிட்டது, அல்லது பின் அக்ஸிலுக்கென்று இறுக்கிய யூனிட்டை அப்படியே முன்னால் போட்டிருக்கிறார்கள். டிப்பைக் கழற்றிச் சிம்மை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஓடி ஓடித் தேய்ந்து தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் தட்டும் போகும், முன் டயரும் போகும். அளவு மிகக் குறைவு என்றால் தட்டு முடிந்துவிட்டது. ஹெலிகல் வகையில் குறைவாகவோ பூச்சியமாகவோ வருவதுதான் சரி.

பிரிலோட் சரியாக இருந்தும் பாரம் என்றால் பவர் ஸ்டியரிங் பெல்ட், ஒயில் மட்டம், ஸ்விவல் பின் (முன் சில்லு திரும்பும் முளை) இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத சிரீஸ் வண்டிக்கு கிளச் தட்டு எல்.எஸ்.டி போடுவதே நல்லதல்ல. அதன் முன் அக்ஸிலில் சீ.வீ. ஜொயின்ட் (திரும்பிய நிலையிலும் சீரான வேகத்தில் சுழற்றும் இணைப்பு) கிடையாது, யுனிவர்சல் ஜொயின்ட்தான். 30 பாகை திருப்பத்தில் சில்லின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். எல்.எஸ்.டி அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்க விடாது; ஸ்டியரிங் கையில் துள்ளும். ஃபோர் வீல் போடும் மஞ்சள் குமிழை அழுத்தினால் துள்ளுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். திருத்தம் என்று ஒன்றில்லை. முழு லொக்கில் ஃபோர் வீலில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர். முன் இரண்டும் ஒரே மேக், ஒரே அளவு, ஒரே தேய்வு. ஸ்பெயார் சில்லை ஒரு பக்கம் போட்டு மாதக்கணக்கில் ஓட்டும் பழக்கம் இங்கே செல்லாது. ஒரு டயரின் பூ மற்றதை விட 3 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் விட்டம் 6 மில்லிமீற்றர் குறைகிறது. 235/75 ஆர் 15 அளவில் அது ஒரு கிலோமீற்றருக்கு 8 மீற்றருக்கு மேல் வித்தியாசம். நேர் ரோட்டில் போகும்போதே எல்.எஸ்.டி இடைவிடாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் சாயும், ஒயில் சூடாகும், தட்டு தேயும். டேப் எடுத்து இரண்டு டயரின் சுற்றளவையும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். காற்றைக் குளிர்ந்த நிலையில், ஒரே கேஜில் பாருங்கள்.

அடுத்து முன் சில்லுகளை இடம் வலம் மாற்றிப் போடுங்கள் (ஒரு திசைக்கு மட்டுமான டயர் என்றால் வேண்டாம்). இழுவை மறுபக்கம் போனால் டயர். போகவில்லை என்றால் பிரேக் ஒட்டுகிறதா பாருங்கள்: பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரு ஹப்பிலும் கையை அருகில் கொண்டுபோனால் சூடு சொல்லிவிடும். பிறகு ரேடியஸ் ஆர்ம் புஷ், பன்ஹார்ட் ரொட் புஷ் (அக்ஸிலைச் சேஸியோடு பிடிக்கும் தண்டுகளின் ரப்பர்கள்), டை ரொட் முனைகள். ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும், மற்றவர் கீழே இருந்து பார்க்கட்டும். புஷ் நகர்வதற்கும் சில்லு நகர்வதற்கும் இடையில் தாமதம் இருந்தால் அங்கேதான் குறை. மிதிக்கும்போது ஒரு பக்கம் போய், விட்டதும் மறுபக்கம் திரும்பும் வண்டிகளில் அனேகமாக ரேடியஸ் ஆர்ம் புஷ்தான் போயிருக்கும்.

இழுவை எப்போதும் இல்லை, இடது சில்லு ரோட்டோரம் இறங்கும்போது மட்டும் என்றால் அது குறை அல்ல. இடது சில்லு பாசியிலோ சருகிலோ பிடி இழக்கிறது, விசை வலதுக்குப் போகிறது, வலது பக்கம் முந்தித் தள்ள மூக்கு இடது பக்கம் திரும்புகிறது. நாம் இடது பக்கத்தில் ஓடுகிறோம். அந்தப் பக்கம் இருப்பது கான், இல்லாவிட்டால் பள்ளம். எதிரே கொழுந்து லொறி வந்து ஒதுங்கும்போது சாரதியின் கால் தானாக மிதிக்கும், வண்டி கானுக்குள் மூக்கை நுழைக்கும். ஒதுங்கும்போது காலைத் தளர்த்தி, சில்லு தாருக்கு ஏறிய பிறகு மிதிப்பதுதான் வழி. வெளியே தள்ளி நிற்கும் ரிம்மோ ஸ்பேசரோ போட்டிருந்தால் இந்த இழுவை பல மடங்கு கையில் அடிக்கும். திருகும் புள்ளியிலிருந்து சில்லின் தூரம் கூடக் கூட நெம்பும் நீளமும் கூடுகிறது. முதல் வேலையாக ஸ்பேசரைக் கழற்றுங்கள்.

சஸ்பென்ஷனை உயர்த்திய டிபெண்டர்களில் காஸ்டர் கோணம் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்துபோயிருக்கும். கம்பனி அளவு 3 பாகை. அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, ரோட்டின் சரிவுக்கெல்லாம் அலையும், எல்.எஸ்.டி அந்த அலைச்சலைப் பெரிதாக்கும். அதற்கென்று வரும் திருத்திய ரேடியஸ் ஆர்ம் போட்ட பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

ஈர வளைவில் திரும்பாமல் நேரே போகிறது

தென்மேல் பருவமழைக் காலத்தில் தலவாக்கலை, மஸ்கெலியா பக்கமும், வடகீழ் காலத்தில் பதுளை, ஹப்புத்தளை பக்கமும் அதிகம் கேட்கும் முறைப்பாடு. டயருக்கு உள்ள பிடி ஒன்றுதான். அதை முன்னே தள்ளவும் பக்கமாகத் திருப்பவும் பங்கு போட வேண்டும். சாதாரண டிபரன்ஷலில் உள்பக்கச் சில்லு வீணே சுழலும், வெளிப்பக்கச் சில்லு திருப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். எல்.எஸ்.டி இரண்டையும் சேர்த்துச் சுழற்றினால் திருப்பப் பிடியே மிஞ்சாது.

நேரே போகும்போது ஸ்டியரிங்கை இன்னும் வெட்டாதீர்கள். காலை மெதுவாகத் தளர்த்தினால் மூக்கு உள்ளே வரும். வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்து, ஒரே மாதிரி லேசாக மிதித்துத் திரும்பி, ஸ்டியரிங் நேராக வரத் தொடங்கிய பிறகு மிதிக்கலாம். டூ வீல் வசதி உள்ள வண்டியில் தாரில் டூ வீல், ஹப் திறப்பு. இதை மழை நாளுக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

திருப்பும்போது சத்தம்

சத்தத்தில் மூன்று வகை. மெதுவாக முழு லொக்கில் திரும்பும்போது உறுமலும் அதிர்வுமாக "டர்ர்" என்றால் கிளச் தட்டு ஒட்டி ஒட்டி வழுக்குகிறது. சில்லு சுழலும் வேகத்துக்கு ஏற்ப "கிளிக் கிளிக்" என்று, மிதித்தால் கூடினால் சீ.வீ. ஜொயின்ட். கொஞ்சம் போய் ஒரே அடியாக "டங்" என்று விழுந்தால் அக்ஸில்களுக்கு இடையிலான முறுக்கு விடுபடுகிறது; தாரில் ஃபோர் வீலோ டிப் லொக்கோ போட்டிருக்கிறது.

தட்டுச் சத்தத்துக்கு ஒயில் மாற்ற வேண்டும். சூடாக இருக்கும்போதே பழையதை முழுதாக வடியுங்கள். ஜீ.எல்.5 தரத்தில், எல்.எஸ்.டிக்கு உரியது என்று போத்தலில் போட்டிருக்கும் ஒயிலை விடுங்கள். டிபெண்டரின் ரோவர் வகை முன் டிப்புக்கு 1.7 லீற்றர், ஸ்விவல் ஹவுசிங் வேறு கணக்கு, அதோடு கலந்து எண்ண வேண்டாம். பிறகு மைதானத்தில் எட்டுப் போடுங்கள்: மெதுவாக, முழு லொக்கில், இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை. புது ஒயில் தட்டுகளுக்கு இடையே போக இது வேண்டும். இன்னும் சத்தம் இருந்தால் உராய்வுத் திருத்தி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எட்டுப் போட்டுப் பாருங்கள். போத்தல் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினால் சத்தம் போய்விடும், எல்.எஸ்.டியும் போய்விடும்; தட்டு பிடிக்காது. ஹெலிகல் வகைக்கு இந்த மருந்தைச் சேர்க்கவே கூடாது. அது உராய்வில்தான் வேலை செய்கிறது. ட்ரூட்ராக் என்றால் சிந்தெடிக் ஒயிலும் வேண்டாம், சாதாரண மினரல் கியர் ஒயில் போதும்.

வடித்த ஒயில் பால் நிறத்தில் இருந்தால் ஆற்றிலோ ஓடையிலோ தண்ணீர் போயிருக்கிறது. சூடான அக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி சீல் வழியாக உறிஞ்சும். பிரீதர் குழாயை (அக்ஸிலுக்குள் காற்றுப் போய்வரும் குழாய்) மேலே எஞ்சின் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

ஏற்றத்தில் உதவவில்லை, இறக்கத்தில் மட்டும் ஸ்டியரிங் இறுகுகிறது

இது விசித்திரமான குறை, பலர் எல்.எஸ்.டி பழுது என்று விற்றுவிடுகிறார்கள். ரோவர் அக்ஸில்களில் முன் டிப்பும் பின் டிப்பும் ஒரே உரு, முன்னது அரை வட்டம் திரும்பி நிற்கிறது. அதனால் வண்டி முன்னே போகும்போது முன் டிப்பின் உள்ளே விசை வரும் திசை பின் டிப்புக்கு நேர் எதிர். பின் அக்ஸிலுக்கென்று செய்த ஒருவழி எல்.எஸ்.டியை (மிதிக்கும்போது மட்டும் பிடிப்பது) முன்னால் போட்டால், மிதிக்கும்போது அது திறந்துவிடும், காலை எடுக்கும்போது பிடிக்கும். நமக்கு வேண்டியதன் தலைகீழ்.

கண்டுபிடிப்பது எளிது. ரிவர்ஸில் ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். முன்னே ஏறும்போது ஒரு சில்லு மட்டும் சுழன்று, ரிவர்ஸில் ஏறும்போது இரண்டும் பிடித்தால் யூனிட் தலைகீழாகத்தான் இருக்கிறது. சரியாகப் பொருத்திய ஒருவழி யூனிட் இதற்கு மாறாக ரிவர்ஸில் திறந்திருக்கும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். திருத்த, சரிவுத் தளங்களை மாற்றிப் பொருத்தக்கூடிய யூனிட் என்றால் உள்ளே மாற்றலாம். இல்லையென்றால் ஹெலிகலுக்குப் போவதே மேல்.

மிதித்தாலும் காலை எடுத்தாலும் பிடிக்கும் இருவழி யூனிட்டும் இறக்கத்தில் இறுகும், ஆனால் ஏற்றத்திலும் உதவும். ஃபோர் லோவில் (ஃபோர் வீலின் மெதுவான, வலுக் கூடிய நிலை) முதல் கியரில் வழுக்கலான தோட்ட ரோட்டில் இறங்கும்போது, முன் சில்லு இரண்டும் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு, வளைவில் நேரே வழுக்கும். ஒரு கியர் கூட்டிப் போட்டு எஞ்சின் பிடியைக் குறைத்து, கால் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு இறங்குங்கள். முன் அக்ஸிலுக்கு ஒருவழிதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. மலையில் இறக்கம் ஏற்றத்தை விட ஆபத்தானது.

பக்கச் சரிவில் மூக்கு கீழே வழுக்குகிறது

தேயிலை மலைக்குள் போகும் பக்கம் சாய்ந்த மண் ரோட்டில் இது நடக்கும். சாதாரண டிபரன்ஷலில் ஒரு முன் சில்லு சுழலும், மற்றது நங்கூரம் போல நிற்கும். எல்.எஸ்.டியில் இரண்டும் சேர்ந்து சுழன்றால் பக்கவாட்டில் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கூடுதலாக மிதிப்பது கானுக்குள் போகும் வழி. உடனே காலை எடுத்து, சில்லு நிற்கவிட்டு, மேல்பக்கமாகத் திருப்பி மிக மெதுவாகத் தொடங்குங்கள். காற்றை 32 பி.எஸ்.ஐயிலிருந்து 22 அளவுக்கு, நான்கிலும் ஒரே மாதிரி குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். தாருக்கு ஏறுமுன் பம்ப் அடிக்க மறக்க வேண்டாம்.

ஒரு சில்லு அந்தரத்தில், இன்னும் அதுதான் சுழல்கிறது

ஹெலிகல் என்றால் அப்படித்தான். பூச்சியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூச்சியம். மிதித்தபடியே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். தூக்கிய சில்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கிடைத்ததும் மற்றது பிடிக்கும். கைப்பிரேக் உதவாது. பெரும்பாலான வண்டிகளில் அது பின் சில்லுக்கு, டிபெண்டரில் ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரம்முக்கு. டிபெண்டரில் இன்னொன்று: நடு டிப் லொக் போடாமல் முன் எல்.எஸ்.டியால் பயனில்லை. பின் சில்லு ஒன்று சுழன்றால் விசை முழுவதும் அந்த வழியே ஓடிவிடும்.

ஜக்கில் இரு முன் சில்லையும் தூக்கி, டூ வீலில், ஹப் பூட்டி, ஒன்றைக் கையால் சுழற்றினால், கிளச் தட்டு வகையில் மற்றதும் அதே திசையில் வர வேண்டும். எதிர்த் திசையில் சுழன்றால் தட்டு முடிந்தது. ஹெலிகலில் எதிர்த் திசையில் சுழன்றால் கவலை இல்லை.

டூ வீலில் ஓடும்போதும் முன்னால் இரைச்சல், ஃபோர் வீல் போட்டால் கரகரப்பு

ஹப்பில் பூட்டு இல்லாமல், ஒரு பக்க ஹாஃப் ஷாஃப்டை மட்டும் நடுவில் துண்டித்துவிடும் வண்டிகளில் (சில ஹைலக்ஸ், எல்200, மொன்டேரோ) வரும். சாதாரண டிபரன்ஷலில், துண்டித்த பக்கத்துத் துண்டு உள்ளே பின்னோக்கிச் சுழலும். கிரவுன் வீலும் (டிப்பின் பெரிய பற்சில்லு) முன் ப்ரொப் ஷாஃப்டும் சும்மா நிற்கும். பிரிலோட் உள்ள எல்.எஸ்.டி போட்டால் பூட்டிய பக்கத்துச் சில்லு கிரவுன் வீலையும் இழுத்துக்கொண்டு ஓடும். ப்ரொப் ஷாஃப்ட் எப்போதும் சுழலும், ஒயில் சூடாகும், துண்டிப்பு ஸ்லீவ் மாறும்போது பற்கள் அரைபடும். ப்ரொப் ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, டூ வீலில் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். கோடு சுற்றினால் இதுதான். இந்த வண்டிகளுக்குக் கிளச் தட்டு வகையை வாங்க வேண்டாம். போட்டாகிவிட்டது என்றால் இரு பக்கமும் கையால் பூட்டும் ஹப் போட்டு, துண்டிப்பு ஸ்லீவை நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள்.

ஹாஃப் ஷாஃப்ட், சீ.வீ. உடைகிறது

முன்பு சொன்ன கணக்கிலேயே காரணம் இருக்கிறது: 200 தாங்கிய ஷாஃப்டுக்கு இப்போது 600. பழைய 10 பல் ரோவர் ஷாஃப்டுகளை 24 பல் உள்ளவற்றுக்கு மாற்றாமல் எல்.எஸ்.டி போடக்கூடாது. முழு லொக்கில், கல்லில் சிக்கிய நிலையில், ஃபோர் லோவில் மிதிக்கவே வேண்டாம், சீ.வீ. அதிகம் மடிந்திருக்கும்போதுதான் மிகவும் பலவீனம். ஸ்டியரிங்கைக் கால் பங்கு விடுவித்து, சற்றுப் பின்னால் எடுத்து மறுபடி ஏறுங்கள். உயர்த்திய ஹைலக்ஸ் போன்றவற்றில் சீ.வீ.யின் ரப்பர் உறையை ஒவ்வொரு சேர்விஸிலும் மடிப்புக்குள் விரல் விட்டுப் பாருங்கள். கிழிந்த உறைக்குள் சேறு போனால் கிரீஸ் மாற்றிப் பயனில்லை, ஜொயின்டையே மாற்ற வேண்டும்.